நத்தையும் சமாரியனும்

சிவில் பொறியியல் படிக்கிற யாரும் கடைசி ஆண்டில் ஒரு சட்டப் பாடத்தைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். எங்கள் வகுப்பில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒப்பந்தப் படிவம், பொறியியலாளர் பதிவு, கட்டட விதிகள் என்று போகும். தேர்வுக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்தால் போதும். அந்தப் பாடத்தில் ஒரே ஒரு படம் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: ஒரு பாட்டில், அதற்குள் ஒரு நத்தை. விரிவுரையாளர் ஐந்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அண்டை வீட்டாருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கவனக்குறைவுச் சட்டம் என்றால் அவ்வளவுதான் என்றார். அந்த அண்டை வீட்டார் எங்கிருந்து வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு தீர்ப்பை முழுசாக வாசித்தபோதுதான் தெரிந்தது, அவர் வந்தது லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலிருந்து.

கதை இதுதான். 1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் வெல்மெடோ கஃபே என்ற சிற்றுண்டிக் கடை. கிளாஸ்கோவிலிருந்து வந்த மே டோனஹியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வாங்கித் தருகிறார். பாட்டில் அடர்நிறக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாக மே சொன்னார். வயிற்றுக் கோளாறு, அதிர்ச்சி, மருத்துவமனை. 500 பவுண்ட் இழப்பீடு கேட்டு பானத்தைத் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சன் மேல் வழக்குப் போட்டார்.

இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், காசு கொடுத்தவர் தோழி. கடைக்காரருடன் ஒப்பந்தம் இருப்பது அவருக்குத்தான், குடித்தவருக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. 1842-இல் வின்டர்பாட்டம் என்ற தபால் வண்டி ஓட்டுநர் பழுதான வண்டியிலிருந்து விழுந்து ஊனமானபோது, வண்டியைப் பராமரிக்க ஒப்புக்கொண்டவர் மேல் அவர் போட்ட வழக்கு செல்லாது என்றார்கள். காரணம், அந்த ஒப்பந்தம் தபால்துறைத் தலைவருடன் போடப்பட்டது. காகிதத்தில் உன் பெயர் இல்லையென்றால் நீ யாரோ. நூறு ஆண்டுத் தொழிற்புரட்சி கிட்டத்தட்ட இந்த ஒரே கணக்கில்தான் ஓடியது.

மே டோனஹியூ கடையில் வேலை பார்த்த பெண். மணவாழ்க்கை முறிந்திருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். அவருடைய வழக்கறிஞர் வால்டர் லீச்மன் சில நாட்களுக்கு முன்புதான் இதேமாதிரி ஒரு வழக்கில், ஜிஞ்சர் பீருக்குள் எலி கிடந்த வழக்கில், தோற்றிருந்தார். மனுஷன் விடவில்லை. எடின்பரோவில் முதலில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் கட்ட வேண்டும். உலகத்தில் தனக்கு ஐந்து பவுண்ட் பெறுமான சொத்துகூட இல்லை என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளி என்ற நிலையில் மே அனுமதி பெற்றார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நத்தை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதாவது இந்தப் பெண்ணுக்கு அந்தத் தயாரிப்பாளர் ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

1932 மே 26. ஐந்து நீதிபதிகள். மூவர் ஆம் என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள்.

ஆம் என்றவர்களில் முக்கியமானவர் அட்கின் பிரபு. 1867-இல் பிரிஸ்பேனில் பிறந்து, சிறுவயதிலேயே வேல்ஸுக்கு வந்து வளர்ந்தவர். ஆழ்ந்த ஆங்கிலிக்கக் கிறிஸ்தவர். வேல்ஸ் திருச்சபை 1920-இல் அரசிலிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டது. அப்படிப் பிரிந்து நின்ற திருச்சபையின் ஆட்சிக் குழுவில் பணியாற்றியவர் இவர். அரசும் திருச்சபையும் விவாகரத்து பெற்றதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லூக்காவை நீதிமன்றத்துக்குள் கூட்டிவந்தார் என்பது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1931 அக்டோபரில், லண்டனில் சட்டக் கல்வி பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். சட்டத்துக்குள் ஒழுக்கப் போதனை ஊறிக்கிடக்கிறது, பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பது அதில் ஒன்று என்ற பொருளில் அதில் பேசியிருக்கிறார். ஆக, தீர்ப்பு எழுத உட்கார்ந்தபோது திடீரென்று வந்த அலங்கார உவமை இல்லை இது.

தீர்ப்பில் அவர் செய்தது இதுதான். பிறரை நேசி என்ற கட்டளை சட்டத்துக்குள் வரும்போது, பிறருக்குக் காயம் உண்டாக்காதே என்று சுருங்கிவிடுகிறது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். பிறகு, யார் அந்தப் பிறர் என்ற வழக்கறிஞனின் கேள்வியை எடுக்கிறார். நம் செயலால் நேரடியாகவும் நெருக்கமாகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள், செயலில் இறங்கும்போதே நம் நினைவில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்பது அவருடைய விடை. ஒப்பந்தத்தில் பெயர் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பாட்டிலை மூடுகிறவன் மனத்தில், அதைத் திறந்து குடிக்கப்போகிற முகம்தெரியாத ஒருத்தி இருக்க வேண்டும்.

லூக்காவில் அந்தக் கேள்வியைக் கேட்பவன் ஒரு வழக்கறிஞன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் நியாயசாஸ்திரி. இயேசுவைச் சோதிக்க வந்தவன். கடவுளை நேசி, பிறனை நேசி என்ற இரண்டையும் அவனே சொல்லிவிட்டு, தன் பக்கம் நியாயம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள, யார் எனக்குப் பிறன் என்று கேட்கிறான். சரியான வழக்கறிஞர் கேள்வி. பொறியாளர் கேள்வியும்கூட, எல்லைக் கோடு எங்கே என்பதுதானே? இயேசு கோடு போட்டுக் காட்டுவதில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையைச் சொல்கிறார். (ஏறத்தாழ 27 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் இறக்கம். கள்ளர்கள் மறைந்திருக்க வசதியான நிலம்.) ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியன் விலகிப் போகிறான், சமாரியன் நிற்கிறான். சமாரியர்களுக்கும் யூதர்களுக்கும் ஆகாது. கெரிசிம் மலையில் இருந்த சமாரியர் கோவிலை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு இடித்த பகை நூறு ஆண்டுக்கு மேலாகப் புகைந்துகொண்டிருந்தது. கதை முடிந்ததும் இயேசு கேள்வியையே திருப்பிவிடுகிறார்: இந்த மூவரில் அடிபட்டவனுக்குப் பிறனாக இருந்தவன் யார்? வழக்கறிஞனால் சமாரியன் என்ற பெயரைக்கூட உச்சரிக்க முடியவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சொல்லி நழுவுகிறான்.

தமிழில் இந்த இடம் இன்னும் விசேஷமானது. ஆங்கிலச் சொல்லின் பொருள் பக்கத்தில் வாழ்பவன். கிரேக்க மூலத்திலும் அருகில் இருப்பவன்தான். ஆனால் நம் பழைய விவிலியம் தேர்ந்தெடுத்த சொல் 'பிறன்'. திருக்குறளில் பிறனில் விழையாமை என்று வருமே, அந்தப் பிறன். பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்று மாற்றிக்கொண்டது. மூலத்துக்கு அதுவே பக்கம். ஆனாலும் கதையின் போக்குக்குப் பழைய சொல்தான் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலச் சட்டம் 'அருகில்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு தொண்ணூறு ஆண்டுகளாக எவ்வளவு அருகில், எந்த விதமான அருகில் என்று அளந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் ஸ்பேன்டெக் வழக்கில் வகுத்த சோதனையிலும் முதல் படி அருகாமைதான். ராணுவ முகாமில் மருத்துவக் கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரர், தன் வேலையை மதிப்பிட்டுச் சான்றளித்த தரப்பு தன்னிடம் கவனமாக நடந்துகொள்ளவில்லை என்று போட்ட வழக்கு அது. தோற்றார். அடிப்படைச் சொல் 'பிறன்' என்று இருந்திருந்தால் அளவுகோலே வேறாக இருந்திருக்குமோ என்று சும்மா யோசித்துப் பார்ப்பதுண்டு.

பிறனை நேசி என்ற வரி முதலில் தோன்றிய இடத்தையும் பார்க்க வேண்டும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். அது பிரசங்கம் இல்லை, சட்டத் தொகுப்பு. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே, குருடனின் வழியில் தடுக்கலை வைக்காதே, தராசு சரியாக இருக்கட்டும். இப்படிப்பட்ட விதிகளுக்கு நடுவில்தான் அன்பும் ஒரு விதியாக வருகிறது. கொஞ்சம் தள்ளி, உன்னிடம் தங்கும் அந்நியனையும் அப்படியே நேசி என்று இன்னொரு விதி. உபாகமம் 22-இல் என் தொழிலுக்கே நேரடியாக ஒன்று உண்டு: புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். அசலான கட்டட விதி. வீட்டுக்காரன், விருந்தாளி, திருடன் என்ற பேதமெல்லாம் இல்லை, விழக்கூடிய எவனும். ஆகவே அட்கின் இறையியலைச் சட்டத்துக்குள் திணித்தார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டப் புத்தகத்தில் பிறந்தது, கதையாகி ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது இளைத்துப்போய் வந்தது என்பதும் உண்மை. அட்கினின் விதிப்படி கள்ளன் மட்டும்தான் குற்றவாளி. ஆசாரியனும் லேவியனும் தப்பிவிடுவார்கள். நான் குதர்க்கமாகச் சொல்லவில்லை. 1970-இல் டோர்செட் யாட் வழக்கில் டிப்ளாக் பிரபு இதையே சொன்னார்: விலகிப்போன அந்த இரண்டு பேருக்கும் ஆங்கிலச் சட்டத்தில் எந்தப் பொறுப்பும் வந்திருக்காது. நல்ல சமாரியன் கதையில் வேர்கொண்ட சட்டம், நல்ல சமாரியனாக இருக்க யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆபத்தில் கிடப்பவனுக்கு, தனக்கு ஆபத்தில்லாத நிலையிலும் உதவாமல் போவது தண்டனைக்குரிய குற்றம். ஆங்கில மரபு அங்கே போகவில்லை. எனக்கு இதில் அட்கின் மேல் பெரிய குறை இல்லை. நேசிக்காததற்குத் தண்டனை என்று ஒரு அரசாங்கம் கிளம்பினால் அது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா? அன்பை அளக்க முடியாது. கவனக்குறைவை ஓரளவு அளக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கம் ஒரு தொடக்கம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். பின்னால் வந்தவர்கள் அதையே கூரையாக ஆக்கிவிட்டார்கள்.

கதையில் இன்னொரு ஆள் இருக்கிறான், சத்திரக்காரன். சமாரியன் அவனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, இதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கதை முழுக்க இருக்கும் ஒரே ஒப்பந்தம் இதுதான். அதுவும் வரம்பில்லாத உத்தரவாதம். எங்கள் அலுவலகத்தில் யாரும் இப்படிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். சரி, சத்திரக்காரன் கெட்டுப்போன உணவைக் கொடுத்து அடிபட்டவனின் உடல்நிலை மோசமாகியிருந்தால்? ஒப்பந்தம் சமாரியனுடன். பணம் கொடுத்தது அவன், படுத்துக் கிடப்பது வேறொருவன். அப்படியே பெய்ஸ்லி கஃபேயின் மேசை. காசு கொடுத்த தோழி, குடித்த மே. 1842-இன் கணக்குப்படி அடிபட்டவனுக்குக் கேட்க நாதியில்லை. அட்கின் இதை எண்ணினாரா என்பதற்குத் தீர்ப்பில் தடயம் இல்லை. ஆனால் அவர் எடுத்த கதைக்குள்ளேயே வழக்கின் அமைப்பு மொத்தமும் இருக்கிறது.

மறுத்த இருவரில் பக்மாஸ்டர் பிரபுவின் தீர்ப்பையும் வாசிக்க வேண்டும். நல்ல எழுத்து, பயந்த எழுத்து. ஒரு படி எடுத்துவைத்தால் ஐம்பது படிக்கு ஏன் போகக்கூடாது என்ற பழைய அச்சத்தையே அவரும் கேட்கிறார். உதாரணத்துக்கு வீடு கட்டுவதை எடுக்கிறார். ஒரு வீடு அசட்டையாகக் கட்டப்பட்டு, கூரை இடிந்து உள்ளே இருப்பவர் காயமடைந்தால்கூட, இங்கிலாந்துச் சட்டத்தில் கட்டியவர்மேல் வழக்கு இல்லை என்கிறார். பாபிலோனின் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இருந்ததாக நம்புகிறேன் என்று போகிறபோக்கில் ஒரு கிண்டலும் உண்டு. இருந்தது உண்மைதான். ஹமுராபியின் தொகுப்பில், வீடு இடிந்து சொந்தக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரணம். ஒரு கட்டடப் பொறியாளனாக அந்த வரியைச் சிரித்துக்கொண்டு கடக்க என்னால் முடியவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே அட்கின்தான் 1941-இல், போர்க்கால விசாரணையற்ற தடுப்புக்காவலை எதிர்த்த லிவர்சிட்ஜ் வழக்கில், அமைச்சர் நம்பினார் என்பது மட்டும் போதாது, நம்பக் காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று தன்னந்தனியாக மாறுபட்டார். சக நீதிபதிகள் சிலர் அதற்குப் பிறகு அவரிடம் முகம்கொடுத்தே பேசவில்லையாம். நம் கூட்டரசு நீதிமன்றம் 1969-இல் கரம் சிங் வழக்கில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் கைதியின் விஷயத்தில், பெரும்பான்மையின் பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அட்கினின் நத்தையை வாங்கிக்கொண்டோம், இதை வாங்கவில்லை.

நத்தை இங்கே எப்படி வந்தது? 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், மூன்றாம் பிரிவு. 1956 ஏப்ரல் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்தின் நீதிமன்றங்கள் கைக்கொள்ள வேண்டும் என்றது அது. இஸ்லாம் கூட்டரசின் மதமாக இருக்கிற ஒரு நாட்டில், சீன மேம்பாட்டாளரும் மலாய் அதிகாரியும் தமிழ்ப் பொறியாளரும் ஒரு கட்டடம் பற்றிச் சண்டை போடும்போது, லூக்காவின் சமாரியன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். யாருக்கும் அவன் யாரென்று தெரியாது. அது ஒருவகையில் அவனுக்குப் பொருத்தம்தான்.

1993 டிசம்பர் 11, உலு கிளாங். பத்து நாள் மழைக்குப் பிறகு ஹைலண்ட் டவர்ஸின் முதல் கட்டடம் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு மாடி. பின்னால் இருந்த மலைச்சரிவும் அதன் தடுப்புச் சுவர்களும் சரிந்து அடித்தளத்தைத் தள்ளிவிட்டன. கீழே இருந்த தூண்கள் மேலிருந்து வரும் எடைக்குத்தான், பக்கவாட்டிலிருந்து வரும் தள்ளலுக்கு இல்லை. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் மண்ணியல் வகுப்பில் அந்தப் பெயர் வராத பருவமே கிடையாது. மிச்சமிருந்த இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் வெளியேறினார்கள். வீடு நிற்கிறது, உள்ளே போக முடியாது. அவர்கள்தான் வழக்குப் போட்டார்கள்.

2000-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கட்டடப் பொறியாளர் தரப்பின் வாதம் எனக்கு மிகவும் பரிச்சயமான வாதம்: என் வேலை கட்டடங்கள், சரிவு என் வேலை இல்லை. நீதிபதி ஏற்கவில்லை. அந்தச் சரிவு விழுந்தால் யார்மேல் விழும் என்று நீ யோசித்திருக்க வேண்டும் என்றார், சாராம்சத்தில். பொறியாளருக்குப் பத்து விழுக்காடு, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்குப் பதினைந்து விழுக்காடு பொறுப்பு. மற்றவர்களுக்கு மீதி. பெய்ஸ்லியிலிருந்து உலு கிளாங் வரை கோடு நேராக வந்துவிட்டது என்று தோன்றும் இடம் இது.

2006-இல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்தை முழுதாக விடுவித்தது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு, கட்டடத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்ததிலிருந்து எழும் வழக்குகளிலிருந்து உள்ளாட்சிகளைக் காக்கிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. உள்ளாட்சியின் பணம் அளவானது, கடமைகளோ முடிவில்லாதவை. இப்படி வழக்குகளைத் திறந்துவிட்டால் அது திவாலாகும். பொதுமக்கள் அனைவருக்குமான அடிப்படைத் தேவைகள், சிலருக்கான இழப்பீட்டைவிட முந்தியவை என்று நீதிமன்றம் சொன்னது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. குப்பை அள்ள வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும். ஆனால் பக்மாஸ்டரின் ஐம்பது படிப் பயமும் இதே குடும்பம்தான். பொதுமக்கள் என்ற பெரிய கூட்டத்துக்காகச் சாலையோரத்தில் கிடக்கும் ஒருவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. ஆசாரியனுக்கும் எருசலேமிலோ எரிகோவிலோ பொதுக் கடமைகள் இருந்திருக்கும். தனியாரிடம் கறாராகவும் அதிகாரத்திடம் தாராளமாகவும் 'பிறன்' அளக்கப்படுகிறான் என்பதே என் வருத்தம். அனுமதி முத்திரை இல்லாமல் ஒரு செங்கல்லும் ஏறாத நாட்டில், முத்திரை குத்துகிறவருக்கு யாரும் பிறன் இல்லை.

மே டோனஹியூ வழக்கில் நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது விசாரிக்கப்படவே இல்லை. தீர்ப்பு வந்த அதே ஆண்டின் இறுதியில் ஸ்டீவன்சன் இறந்துபோனார். வழக்கு 200 பவுண்டில் சமரசமானதாகச் சொல்கிறார்கள். மே 1958-இல் இறந்தார்.

எனக்கு இன்னும் வரைபடங்களில் கையெழுத்துப் போடும் தகுதி வரவில்லை. மூத்தவர் போடுகிறார், நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மனையின் எல்லை சிவப்புக் கோடாக இருக்கும், நில அளவை அந்தக் கோட்டோடு நின்றுவிடும். அதற்கு அந்தப்பக்கம் மலை இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தாள் சொல்லாது. ஹைலண்ட் டவர்ஸ் தீர்ப்புகளை வாசித்த பிறகு, சரிவு நிலமாக இருந்தால் கோட்டுக்கு வெளியே இன்னும் முப்பது மீட்டர் அளந்து தரச்சொல்லிக் கேட்கிறேன். அளவையாளர் அதற்குத் தனிக்கட்டணம் என்கிறார். சில வாடிக்கையாளர்கள் கொடுக்கிறார்கள்.